கிளாஸ், ஆப்ஜெக்ட்: மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். தேவனாம்பட்டினம் கல்லூரிப் பிள்ளைகள், பாண்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் என்று கலந்துகட்டி வருவார்கள். லூப், ஃபங்ஷன் வரைக்கும் வண்டி ஒழுங்காக ஓடும். கிளாஸ் ஆரம்பித்த வாரம் வாட்ஸ்அப் நிரம்பிவிடும், அதுவும் ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே கேள்விகளால். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளிதானதில் ஆரம்பித்து சிக்கலானதற்குப் போகும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

உதாரணம் முழுக்க ஒன்றுதான்: பாண்டியில் டூரிஸ்டுகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடைக்கு ஒரு புரோகிராம். கோடு வரிகள் பைத்தானில் இருக்கும். பைத்தான் 3 தமிழில் வைக்கும் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன்.

அக்கா, கிளாஸ்னா என்ன, ஆப்ஜெக்ட்னா என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

ஒரு வகைப் பொருளுக்கு என்னென்ன விவரங்கள் இருக்கும், அவற்றை வைத்து என்னென்ன செய்யலாம் என்று நீங்கள் எழுதிவைப்பது கிளாஸ். அதன்படி, புரோகிராம் ஓடும்போது மெமரியில் உண்டாகும் ஒவ்வொரு தனி உருப்படியும் ஒரு ஆப்ஜெக்ட்.

பரீட்சைக்கு இது போதும். நம் கடைக்கு வருவோம். `வண்டி` என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர், ஓடிய கிலோமீட்டர், வெளியே போயிருக்கிறதா இல்லையா என்ற மூன்று விவரங்கள் உண்டு. `வாடகைக்குவிடு`, `திரும்பவாங்கு` என்று இரண்டு வேலைகள் உண்டு. விவரங்களை அட்ரிபியூட் அல்லது ஃபீல்டு என்பார்கள், வேலைகளை மெத்தட் என்பார்கள். கிளாஸை எழுதி முடித்த நிலையில் கடையில் இன்னும் ஒரு வண்டிகூட இல்லை. கீழே உள்ள மாதிரி எழுதி ஓடவிட்டால்தான் இரண்டு வண்டிகள் வரும்.

`வண்டி1 = வண்டி("4417", 8200)`
`வண்டி2 = வண்டி("5063", 150)`

வீட்டு பிளான்தான் கிளாஸ், கட்டின வீடுதான் ஆப்ஜெக்ட்னு எங்க மேடம் சொன்னாங்க. அது போதாதா?

முதல் நாளுக்குப் போதும். ஒரு பிளானிலிருந்து பல வீடு கட்டலாம், ஒரு வீட்டுக்கு நீலம் அடித்தால் பக்கத்து வீடு நீலமாகாது, அதுவரை சரி. ஆனால் வீட்டைக் கட்டி முடித்த பிறகு பிளானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆப்ஜெக்ட் அப்படி இல்லை, ஒவ்வொரு மெத்தடைக் கூப்பிடும்போதும் அந்த மெத்தட் கிளாஸில்தான் தேடப்படுகிறது. பைத்தானில் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாஸில் ஒரு புது மெத்தட் சேர்த்தால், முன்பே உருவான ஆப்ஜெக்ட்டுகளுக்கும் அது கிடைத்துவிடும். பிளானில் ஒரு ரூம் வரைந்தால் கட்டின வீட்டில் ரூம் முளைக்குமா?

அதைவிடப் பெரிய குறை, வேரியபிள் என்றால் என்ன என்பதற்கு இந்த உவமையில் இடமே இல்லை. என் வகுப்பில் வரும் சந்தேகங்களில் பாதி, வேரியபிளையும் ஆப்ஜெக்ட்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான். அதனால் வீட்டை விட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் வேரியபிள் பெயர்கள், வலது பக்கம் ஆப்ஜெக்ட்டுகள் பெட்டி பெட்டியாக, நடுவில் அம்புக்குறிகள். கீழே நான் "படம் போடுங்கள்" என்று சொல்லும் இடத்தில் எல்லாம் இந்தப் படம்தான்.

டிக்ஷனரியிலயே எல்லா விவரத்தையும் வெச்சுக்கலாமே, கிளாஸ் எதுக்கு?

டிக்ஷனரியில், அதாவது பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் இடத்தில், வைத்துக்கொள்ளலாம். சின்ன வேலைக்கு நானே அப்படித்தான் செய்வேன், நூறு வரிக்குள் முடிகிற புரோகிராமுக்குக் கிளாஸ் எழுதுவது பெரும்பாலும் வெட்டி வேலை.

அந்த விவரத்தைத் தொடுகிற இடங்கள் பெருகும்போதுதான் சிக்கல். வண்டி வெளியே போகும்போது ஒரு ஃபங்ஷன் அதை மாற்றுகிறது, திரும்பி வரும்போது இன்னொன்று, சர்வீஸ் விட்டால் மூன்றாவது, ராத்திரி கணக்கு பார்க்கும்போது நான்காவது. கிலோமீட்டர் குறையக் கூடாது, வெளியே போன வண்டியை இன்னொருவருக்கு விடக் கூடாது என்ற விதிகளை இந்த நான்கு இடத்திலும் ஞாபகமாக எழுத வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து வந்து இறங்கும் இரண்டு பேருக்கு ஒரே ஸ்கூட்டர் புக் ஆகியிருக்கும், அப்புறம் கடை வாசலில் சண்டைதான். கிளாஸ் எழுதினால் அந்த விதி `வாடகைக்குவிடு` மெத்தடுக்குள் ஒரே இடத்தில் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் அதைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நிஜ உலகைக் கணினிக்குள் கொண்டுவருவது, திரும்பப் பயன்படுத்துவது என்று புத்தகங்களில் பெரிய பட்டியல் இருக்கும். என்னைக் கேட்டால், ஒரு விவரத்தைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைப்பதற்குத்தான் கிளாஸ், மற்றதெல்லாம் கூடுதல் லாபம்.

இதை யாரு கண்டுபிடிச்சாங்க? ஜாவாவா?

இல்லை, ஜாவா வந்தது 1995இல்தான். நார்வேயைச் சேர்ந்த ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் ஆஸ்லோவில் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸில் உள்ளதை இன்னொரு கிளாஸ் அப்படியே எடுத்துக்கொள்வது) எல்லாம் முதலில் வந்தன. நிஜத்தில் நடக்கும் வேலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்காக, அதாவது சிமுலேஷனுக்காக எழுதிய மொழி அது. கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது, 2001ஆம் ஆண்டுக்கானது, இருவருக்கும் இதற்காகக் கிடைத்தது. பிறகு 1970களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினரின் ஸ்மால்டாக் வந்தது. 1979இல் பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப், சி மொழியோடு கிளாஸைச் சேர்க்க ஆரம்பித்தார், அதற்கு 1983இல் சி++ என்று பெயரானது. பைத்தான் 1991. அவ்வளவுதான் வரலாறு, இன்டர்வியூவில் இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வேரியபிளும் ஆப்ஜெக்ட்டும் ஒண்ணுதானே? வண்டி1ன்னு சொன்னா அந்த வண்டிதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிகளைப் பாருங்கள்.

`வண்டி1 = வண்டி("4417", 8200)`
`அவசரவண்டி = வண்டி1`
`அவசரவண்டி.கிமீ = 8300`
`print` என்று போட்டு `வண்டி1.கிமீ` என்ன என்று பார்த்தால் 8300 வரும்.

பலர் 8200 என்று சொல்வார்கள். படம் போடுங்கள். முதல் வரியில் வலது பக்கம் ஒரு பெட்டி உருவாகிறது, `வண்டி1` என்ற பெயரிலிருந்து அதற்கு ஒரு அம்பு. இரண்டாவது வரியில் புதுப் பெட்டி எதுவும் வரவில்லை, `அவசரவண்டி` என்ற இன்னொரு பெயர் வந்து அதே பெட்டிக்கு இன்னொரு அம்பு போடுகிறது. எந்த அம்பு வழியாகப் போய் மாற்றினாலும் மாறுவது அந்த ஒரே பெட்டிதான். எத்தனை ஆப்ஜெக்ட் இருக்கிறது என்று எண்ண வேண்டுமானால் சமக்குறிகளை எண்ணாதீர்கள், கிளாஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு எத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று எண்ணுங்கள். ஜாவாவில் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் நியூ எத்தனை தடவை ஓடியது என்று எண்ணுங்கள்.

சி++ படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே பாயிண்டர், ரெஃபரன்ஸ் எதுவும் போடாமல் ஒரு ஆப்ஜெக்ட்டை இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்தால் நிஜமாகவே காப்பி ஆகும், பெட்டி இரண்டாகிவிடும். மேலே சொன்னது பைத்தானுக்கும் ஜாவாவுக்கும். காலேஜில் சி++, வெளியே பைத்தான் என்று ஒரே சமயத்தில் படிப்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கன்ஸ்ட்ரக்டர்தான் ஆப்ஜெக்ட்டை உருவாக்குதுன்னு எழுதினேன், மார்க் குறைச்சுட்டாங்க. ஏன்?

பேச்சுவழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், மார்க் குறைத்தது கொஞ்சம் கறார்தான். ஆனால் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி, ஓட ஆரம்பிக்கும்போது பெட்டி ஏற்கனவே இருக்கிறது என்பது உண்மை. ஜாவாவில் முதலில் மெமரியில் இடம் ஒதுக்கி, எண்களுக்கு 0, பூலியனுக்கு பொய், மற்றவற்றுக்கு நல் (எந்தப் பெட்டியையும் காட்டாதது) என்று நிரப்பிவிட்டு, அப்புறம்தான் கன்ஸ்ட்ரக்டர் வந்து நீங்கள் கொடுத்த மதிப்புகளைப் போடும். பைத்தானில் இனிட் என்று இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் போட்டு எழுதுகிறோமே, அதுவும் நிரப்புகிற வேலைதான் செய்கிறது. உருவாக்குவதற்கு நியூ என்ற இன்னொரு மெத்தட் பின்னால் இருக்கிறது, அதை நாம் தொட வேண்டிய தேவை அபூர்வம்.

ஜாவாவில் இன்னொரு சின்ன விஷயம். நீங்கள் கன்ஸ்ட்ரக்டர் எதுவும் எழுதாவிட்டால் வெறும் அடைப்புக்குறியோடு கூப்பிடும்படி ஒன்றை கம்பைலரே கொடுக்கும். நம்பரும் கிலோமீட்டரும் வாங்கிக்கொள்ளும் ஒன்றை நீங்களே எழுதிய நிமிஷம் அந்த இலவசம் போய்விடும். "நேத்து ஓடின கோடு இன்னிக்கு சிவப்புக்கோடு காட்டுது" என்று வரும் மெசேஜ்களில் பல இதுதான்.

பைத்தான்ல ஒவ்வொரு மெத்தட்லயும் செல்ஃப்னு எதுக்கு எழுதணும்? எரிச்சலா இருக்கு.

மெத்தட் கிளாஸில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வண்டிகளோ ஐம்பது. எந்த வண்டிக்காக இப்போது ஓடுகிறோம் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? நீங்கள் `வண்டி1.வாடகைக்குவிடு()` என்று எழுதினால் பைத்தான் அதை `வண்டி.வாடகைக்குவிடு(வண்டி1)` என்பது போலத்தான் ஓட்டுகிறது. புள்ளிக்கு முன்னால் நின்ற ஆப்ஜெக்ட் முதல் ஆர்க்யுமென்டாக உள்ளே போகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பெயர்தான் செல்ஃப். அது கீவேர்டுகூட இல்லை, பழக்கம்தான். நீங்கள் அங்கே `இது` என்று எழுதினாலும் ஓடும், ஆனால் உங்கள் கோடைப் படிக்கிற மற்றவர்கள் திட்டுவார்கள்.

அடைப்புக்குறியில் நீங்கள் எதுவுமே கொடுக்காதபோது "ஆர்க்யுமென்ட் 0 வாங்கும் ஃபங்ஷனுக்கு 1 கொடுத்திருக்கிறீர்கள்" என்று எர்ரர் வந்தால், செல்ஃப் எழுத மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஜாவால திஸ் போடாமலே ஓடுதே?

ஓடும். அங்கேயும் அந்த ஆப்ஜெக்ட் திஸ் என்ற பெயரில் மறைவாக உள்ளே போகிறது, பெயரில் குழப்பம் இல்லாதவரை எழுத வேண்டியதில்லை. கன்ஸ்ட்ரக்டரில் வாங்கும் பாராமீட்டருக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மட்டும் கவனம். `கிமீ = கிமீ` என்று எழுதினால் பாராமீட்டரை அதற்கே கொடுத்துக்கொள்கிறீர்கள், ஃபீல்டு 0 ஆகவே இருக்கும், கம்பைல் எர்ரரும் வராது. இடது பக்கம் திஸ் போட்டால் சரியாகிவிடும்.

ஆயிரம் ஆப்ஜெக்ட் உருவாக்கினா மெத்தடும் ஆயிரம் காப்பி ஆகுமா? மெமரி தாங்குமா?

ஆகாது. விவரங்கள்தான் ஆப்ஜெக்ட்டுக்கு ஆப்ஜெக்ட் தனி. மெத்தட் எப்படி ஒன்றே எல்லோருக்கும் வேலை செய்கிறது என்பதை செல்ஃப் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

ரெண்டு வண்டிக்கும் ஒரே நம்பர், ஒரே கிலோமீட்டர்தான் கொடுத்தேன். == போட்டா பொய்னு வருது. கம்ப்யூட்டர் லூசா?

லூசு இல்லை. படம் போடுங்கள்: கிளாஸை இரண்டு தடவை கூப்பிட்டதால் இரண்டு பெட்டி. உள்ளே இருக்கிற எழுத்து ஒன்றாக இருந்தாலும் பெட்டி இரண்டு. நீங்களாக எழுதிய கிளாஸுக்கு, எப்போது இரண்டும் சமம் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதவரை, ஒரே பெட்டியா என்று மட்டும்தான் பைத்தான் பார்க்கும். நம்பர் ஒன்றாக இருந்தால் சமம் என்று வேண்டுமானால் ஈக்யூ என்ற மெத்தடை, இரண்டு பக்கமும் அண்டர்ஸ்கோர்களோடு, கிளாஸில் எழுத வேண்டும். ஜாவாவில் == எப்போதும் ஒரே பெட்டியா என்றுதான் பார்க்கும், உள்ளடக்கத்தை ஒப்பிட ஈக்வல்ஸ் மெத்தடை எழுதி அதைக் கூப்பிட வேண்டும்.

ஜாவாவில் இது ஸ்ட்ரிங்கில் நன்றாகப் படுத்தும். கோடிலேயே மேற்கோள்குறிக்குள் எழுதிய ஒரே மாதிரியான இரண்டு ஸ்ட்ரிங்கை == போட்டால் உண்மை என்று வரும், ஏனென்றால் ஜாவா அதற்கு ஒரே பெட்டியைப் பகிர்ந்து கொடுக்கிறது. கீபோர்டில் டைப் செய்து வாங்கிய ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் பொய். இன்டீஜர் ஆப்ஜெக்ட்டில் இதைவிட வேடிக்கை: 127 என்று இரண்டு வேரியபிளில் போட்டு == செய்தால் உண்மை, அதையே 128 என்று மாற்றினால் பொய் என்று வரும். மைனஸ் 128 முதல் 127 வரை உள்ள எண்களுக்கான பெட்டிகளை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் காரணம். இன்டர்வியூவில் இதைக் கேட்பதில் சிலருக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு வண்டியில ரிப்பேர் எழுதினா எல்லா வண்டியிலயும் அதே ரிப்பேர் காட்டுது அக்கா. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!

எங்கே எழுதினீர்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். `ரிப்பேர்கள் = []` என்ற வரியை இனிட்டுக்கு வெளியே, நேராகக் கிளாஸுக்குள் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் அந்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம், ஒரே ஒரு லிஸ்ட்தான். `வண்டி1.ரிப்பேர்கள்` என்று கேட்டால் பைத்தான் முதலில் வண்டி1இன் பெட்டியில் தேடும், அங்கே இல்லை, அப்புறம் கிளாஸில் தேடும், அங்கே இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடும். வண்டி2க்கும் அதே கதை. ஆக எல்லோரும் ஒரே லிஸ்டில் பிரேக் ஒயர், பல்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இனிட்டுக்குள் `செல்ஃப்.ரிப்பேர்கள் = []` என்று எழுதினால் ஒவ்வொரு வண்டிக்கும் தனி லிஸ்ட் வரும்.

கவனித்தால் இன்னொன்று தோன்றும். கிளாஸில் `கிமீ = 0` என்று எழுதி, `வண்டி1.கிமீ = 500` என்று போட்டால் வண்டி2 மாறுவதில்லையே, ஏன்? சமக்குறி போட்டபோது வண்டி1இன் பெட்டிக்குள்ளேயே புதிதாக ஒரு கிமீ உண்டாகிவிட்டது, கிளாஸில் உள்ளது அப்படியே இருக்கிறது. லிஸ்டில் அப்பெண்ட் செய்யும்போது சமக்குறி இல்லை, இருக்கிற லிஸ்டையே மாற்றுகிறோம். சமக்குறி அம்பைத் திருப்புகிறது, அப்பெண்ட் பெட்டிக்குள் எழுதுகிறது. இதே வித்தியாசம் அடுத்த கேள்வியிலும் வரும்.

ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்ட்டை அனுப்பினா காப்பி போகுமா, ஒரிஜினல் போகுமா?

இரண்டும் இல்லை, அம்பின் காப்பி போகும். ஃபங்ஷனுக்குள் பாராமீட்டர் என்ற புதுப் பெயர் வந்து அதே பெட்டியைக் காட்டும். ஃபங்ஷனுக்குள் `வ.கிமீ = 9000` என்று எழுதினால் வெளியிலும் மாறியிருக்கும். `வ = வண்டி("7000", 0)` என்று எழுதினால் உள்ளே இருக்கிற பெயரின் அம்பு மட்டும் புதுப் பெட்டிக்குத் திரும்பும், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஜாவாவில் பாஸ் பை வேல்யூவா (மதிப்பின் காப்பி போவதா), பாஸ் பை ரெஃபரன்ஸா (வெளியே உள்ள வேரியபிளே போவதா) என்று வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறதே, பதில் பாஸ் பை வேல்யூதான், அந்த வேல்யூ ஒரு அம்பு.

நல் பாயிண்டர் எக்செப்ஷன் வந்துட்டே இருக்கு. நல்லுனா காலி ஆப்ஜெக்ட்தானே?

காலி ஆப்ஜெக்ட் என்றால் பெட்டியாவது இருக்கும். நல் என்றால் பெயர் இருக்கிறது, அம்பு எங்கேயும் போகவில்லை. இல்லாத வண்டியிடம் கிலோமீட்டர் கேட்டால் எர்ரர் வராமல் என்ன செய்யும்? ஜாவாவில் `வண்டி` வகையில் 50 இடம் உள்ள அர்ரே உருவாக்கினால் 50 வண்டி வந்துவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான காரணம். வந்தது 50 காலியான இடம், ஒவ்வொன்றும் நல். லூப் போட்டு ஒவ்வொரு இடத்திலும் நியூ செய்து வைத்தால்தான் வண்டி. இந்த நல்லை 1965இல் அல்கால் மொழிக்காகக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் ஒரு மேடையில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார், அதனால் உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாத்தையும் பிரைவேட் போட்டு, எல்லாத்துக்கும் கெட்டர் செட்டர் எழுதணுமா? எதுக்கு இந்தச் சுத்து?

பிரைவேட் என்றால் கிளாஸுக்கு வெளியிலிருந்து தொட முடியாதது, கெட்டர் அதைப் படித்துக் கொடுக்கும் மெத்தட், செட்டர் அதை மாற்றும் மெத்தட். எல்லாவற்றுக்கும் செட்டர் எழுதினால் பிரைவேட் போட்டதற்கே அர்த்தம் இல்லை. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற வேலை. டிக்ஷனரி கேள்வியில் சொன்ன விதிகளை நினைத்துப் பாருங்கள். கிலோமீட்டரை யார் வேண்டுமானாலும் எதுவாக வேண்டுமானாலும் மாற்ற ஒரு செட்டர் கொடுப்பதற்குப் பதில், `திரும்பவாங்கு` மெத்தடில் புது ரீடிங்கை வாங்கி, பழையதைவிடக் குறைவாக இருந்தால் ஏற்க மறுத்தால் போதும். கிலோமீட்டர் மாறுவதற்கு அந்த ஒரு வழிதான் என்றாகிவிடும்.

பிரைவேட் போட்டால் ஹேக்கர் பார்க்க முடியாதா என்றும் கேட்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது கூட வேலை செய்கிற புரோகிராமர்கள் கை தவறித் தொட்டுவிடாமல் இருக்கத்தான். பைத்தானில் அந்தக் கட்டாயமும் கிடையாது, பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் போட்டால் "வெளியிலிருந்து தொடாதே" என்று ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

டெல் போட்டா ஆப்ஜெக்ட் அழிஞ்சிடுமா?

பைத்தானில் டெல் அழிப்பது பெயரை. நாம் வழக்கமாகப் போடும் பைத்தானில் ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை அம்பு வருகிறது என்று ஒரு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும், அது பூஜ்யம் ஆனால் பெட்டி போய்விடும். வேரியபிள் கேள்வியில் உள்ள `வண்டி1`ஐ டெல் செய்தாலும் `அவசரவண்டி` அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஆப்ஜெக்ட் இருக்கும். ஜாவாவில் கார்பேஜ் கலெக்டர், யாரும் எட்ட முடியாத பெட்டிகளைத் தனக்குத் தோன்றிய நேரத்தில் கூட்டி எடுக்கும். சி++இல் நியூ போட்டு உருவாக்கினால் டிலீட் போடுவது உங்கள் பொறுப்பு, அல்லது அதைத் தானாகவே செய்யும் ஸ்மார்ட் பாயிண்டரிடம் விட்டுவிடலாம்.

ஆப்ஜெக்ட் இல்லாம கிளாஸை மட்டும் பயன்படுத்த முடியுமா? மெயின் மெத்தட் ஏன் ஸ்டாட்டிக்?

முடியும். குறிப்பிட்ட ஒரு ஆப்ஜெக்ட்டின் விவரம் தேவைப்படாத மெத்தட் என்றால் ஸ்டாட்டிக் போட்டுக் கிளாஸ் பெயரை வைத்தே கூப்பிடலாம், ஜாவாவின் மேத் கிளாஸில் எல்லாமே அப்படித்தான். ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் திஸ் கிடையாது, எந்த ஆப்ஜெக்ட்டுக்காக என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. ஜாவா புரோகிராம் மெயின் மெத்தடில்தான் ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் உங்கள் கிளாஸில் ஒரு ஆப்ஜெக்ட்கூட இருக்காது என்பதால்தான் மெயினை ஸ்டாட்டிக்காக வைத்தார்கள். 2025இல் வந்த ஜாவா 25இலிருந்து ஸ்டாட்டிக் இல்லாமலும் மெயின் எழுதலாம், ஜாவாவே ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கிக் கூப்பிட்டுக்கொள்ளும். பரீட்சைத்தாளில் இன்னும் பழைய மாதிரியே எழுதுங்கள்.

எதையெல்லாம் கிளாஸ் ஆக்கணும்? எலக்ட்ரிக் ஸ்கூட்டர், கடை, கஸ்டமர், பெட்ரோல், ஹெல்மெட்னு பதினஞ்சு வந்துடுச்சு.

கேள்வியில் வருகிற பெயர்ச்சொல்லை எல்லாம் கிளாஸ் ஆக்கச் சொல்லும் வழிமுறை ஒன்று உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்கு நாளாக ஆக மாறுகிற விவரம் உண்டா? அந்த மாற்றத்துக்கு ஏதாவது விதி உண்டா? வண்டிக்கு இரண்டும் உண்டு. பெட்ரோல் இந்தப் புரோகிராமில் வெறும் ஒரு எண், அதை ஃபீல்டாக விட்டுவிடலாம். ஹெல்மெட்டைக் கடைக்காரர் நம்பர் போட்டுக் கணக்கு வைத்தால் கிளாஸ், "எத்தனை பாக்கி" என்று மட்டும் பார்த்தால் அதுவும் எண்தான்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரை `வண்டி`யிலிருந்து இன்ஹெரிட் செய்யலாம், ஏனென்றால் அதுவும் ஒரு வண்டி, வண்டியிடம் கேட்கிற எல்லாவற்றையும் அதனிடமும் கேட்கலாம். ஆனால் `கடை`யை `வண்டி`யிலிருந்து இன்ஹெரிட் செய்து ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார், "வண்டியோட மெத்தட் எல்லாம் கடைக்கும் வேணும் அக்கா" என்றார். கடை ஒரு வண்டி இல்லை, கடையில் வண்டிகள் இருக்கின்றன. கடைக்குள் வண்டிகளின் லிஸ்ட் ஒன்று வைத்தால் போதும். மெத்தடை இலவசமாக வாங்குவதற்காக இன்ஹெரிட் செய்யாதீர்கள்.

பைத்தான்ல கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்டுன்னு படிச்சேன். தலை சுத்துது.

உண்மைதான், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. கிளாஸ் எழுதிய வரிகளைப் பைத்தான் ஓட்டும்போது கிளாஸுக்கும் வலது பக்கம் ஒரு பெட்டி உண்டாகிறது, `வண்டி` என்பது அதைக் காட்டும் பெயர். அதனால்தான் ரிப்பேர் லிஸ்ட் அதற்குள் போய் உட்கார முடிந்தது. அந்தப் பெட்டி எந்த வகை என்று கேட்டால் டைப் என்று வரும். டைப்பின் வகை என்ன என்று கேட்டால் அதுவும் டைப் என்றே வரும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈக்வல்ஸ் எழுதிட்டேன், அதைக் கூப்பிட்டு ஒப்பிட்டா சரியா வருது. ஆனா செட்ல போட்ட வண்டியைத் திரும்பத் தேடினா இல்லைன்னு சொல்லுது. இது என்ன நியாயம்?

இதுவரை சொன்னது புரிந்தவர்கள்தான் இந்த இடத்துக்கு வருவார்கள், அதனால் கேட்டதே நல்ல விஷயம். ஜாவாவில் பல ஆப்ஜெக்ட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஹேஷ் செட்டோ ஹேஷ் மேப்போ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடுவதில்லை. முதலில் ஹேஷ்கோடு என்ற எண்ணைக் கேட்டு எந்த அறையில் தேட வேண்டும் என்று முடிவு செய்யும், அந்த அறைக்குள்தான் ஈக்வல்ஸைப் பயன்படுத்தும். நீங்கள் ஈக்வல்ஸை மட்டும் எழுதி ஹேஷ்கோடை விட்டுவிட்டால், சமமான இரண்டு வண்டிக்கும் வேறு வேறு எண் வரும், தேடல் வேறு அறைக்குப் போய்விடும். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும், ஒரே ஃபீல்டுகளை வைத்து. பைத்தானில் ஈக்யூ மட்டும் எழுதினால் ஆப்ஜெக்ட்டைச் செட்டில் போடவே விடாது, ஹேஷ் செய்ய முடியாது என்று எர்ரர் காட்டிவிடும். அது ஒரு விதத்தில் நல்லது, தப்பு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டையும் எழுதியும் காணவில்லை என்றால், எந்த ஃபீல்டை வைத்து எழுதினீர்கள் என்று பாருங்கள். கிலோமீட்டரையும் சேர்த்திருந்தால், செட்டில் போட்ட பிறகு வண்டி ஆரோவில் போய்வந்து ரீடிங் ஏறியதும் ஹேஷ் மாறிவிடும், வண்டியோ பழைய அறையிலேயே இருக்கும். அதே ஆப்ஜெக்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. வண்டிக்கு மாறாதது நம்பர்தான், ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் அதை மட்டும் வைத்து எழுதுங்கள்.